முறையீடும் பணியும்: துன்ப காலத்தில் கிறிஸ்தவ நம்பிக்கை

தீராத நோய், அகால மரணம், கடன், வேலையிழப்பு, போர், பேரிடர் என்று எந்த உருவில் வந்தாலும், துன்பம் மனிதரிடமிருந்து இரண்டைப் பறித்துக்கொள்கிறது. நாளை என்று ஒன்று உண்டு என்ற நம்பிக்கை ஒன்று. அந்த நாளையில் தமக்கும் செய்ய ஏதோ இருக்கிறது என்ற நோக்கம் மற்றொன்று. பொருளை இழந்தவர் மீண்டும் சம்பாதித்துவிடலாம். ஆனால் இவ்விரண்டையும் இழந்தவருக்குக் காலையில் எழுந்திருப்பதே பெரும்பாடாகிவிடும். எல்லாச் சமயங்களும் இந்த இழப்புக்குத் தத்தம் வழியில் மருந்து தேடியிருக்கின்றன. கிறிஸ்தவம் தேடிய வழியைப் பற்றி அந்தச் சமயத்துக்கு வெளியே உள்ளவர்களிடம் மட்டுமன்றி உள்ளே உள்ளவர்களிடமும் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. இயேசுவை நம்பினால் துன்பம் வராது, வந்தாலும் ஜெபித்தவுடன் நீங்கிவிடும் என்பதே அந்த எண்ணம்.

கிறிஸ்தவ மரபின் மூலநூலான வேதாகமம் அப்படி உறுதியளிக்கவில்லை. அந்தச் சமயத்தின் நடுவில் நிற்பதே ஒரு சிலுவை. அதாவது, அடிமைகளையும் கலகக்காரர்களையும் கொல்வதற்கு ரோமப் பேரரசு பயன்படுத்திய கொலைக்கருவி. இறைவன் மனிதராகி அந்தக் கருவியில் உயிர்விட்டார் என்று நம்புகிற ஒரு சமயம், துன்பமே இல்லாத வாழ்வை வாக்களித்தால் தன் அடிப்படையையே மறுத்ததாகும். அது வாக்களிப்பவை வேறு. துன்பத்தின் நடுவில் வாய்விட்டு முறையிடும் உரிமை, துன்பம் கடைசிச் சொல்லாக இருக்காது என்ற உறுதி, அந்த உறுதியின் பேரில் இன்றே செய்யத்தக்க ஒரு பணி ஆகிய மூன்றும் அவை. மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று கிளைப்பவை என்பதால், ஒன்றை விட்டால் மற்றவை நிலைப்பதில்லை.

முறையிடும் உரிமை

வேதாகமத்தின் நடுப்பகுதியில் உள்ள 150 பாடல்களின் தொகுப்பைச் சீர்திருத்தத் திருச்சபையார் சங்கீதம் என்றும் கத்தோலிக்கர் திருப்பாடல்கள் என்றும் அழைக்கின்றனர். யூதரும் கிறிஸ்தவரும் பல நூற்றாண்டுகளாக வழிபாட்டில் பாடிவரும் இத்தொகுப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல் வகையைச் சேர்ந்தது. புலம்பல் என்பது நோயாலோ பகையாலோ நெருக்கப்பட்டவர், தம் நிலையை மறைக்காமல் கடவுளிடமே எடுத்துச்சொல்லி, எவ்வளவு காலம் இப்படி என்று கேட்கும் பாடல். பெரும்பாலான புலம்பல்கள் முடிவில் நன்றியை நோக்கித் திரும்புகின்றன என்றாலும், 88-ஆம் சங்கீதம் அப்படித் திரும்பாமல் இருளிலேயே முடிகிறது. ஆறுதல் சொல்லி முடிக்காத அந்தப் பாடலையும் வழிபாட்டு நூலிலிருந்து நீக்காமல் வைத்திருந்த முன்னோரின் துணிவு பெரிது. ஏனெனில், ஆறுதல் இன்னும் எட்டாத நிலையில் இருப்பவருக்கும் வழிபாட்டில் இடம் உண்டு என்பதை அது சொல்லாமல் சொல்கிறது.

எருசலேம் நகரம் பாபிலோனியரால் அழிக்கப்பட்ட பின் எழுந்த புலம்பல் நூலும் இந்த மரபைச் சேர்ந்ததே. இறந்தவரின் அருமையையும் இருப்பவரின் கதியையும் சொல்லிச் சொல்லி அழும் ஒப்பாரியை அறிந்த தமிழருக்கு, துக்கத்தைச் சொற்களில் கொட்டினால்தான் நெஞ்சு ஆறும் என்பதைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. ஒப்பாரி இறந்தவரை விளித்துப் பாடப்படுகிறது. வேதாகமப் புலம்பலோ கடவுளை விளித்து, அவரையே கேள்வி கேட்கிறது. கேட்பவர் ஒருவர் இருக்கிறார் என்று நம்பினால் மட்டுமே அப்படிக் கேட்க முடியும் என்பதால், புலம்பலை இறைப்பற்றின்மைக்கு அடையாளமாகக் கொள்ளாமல் இறைப்பற்றின் ஒரு வடிவமாகவே இறையியலார் கருதுகின்றனர். இயேசுவும் கைது செய்யப்படுவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில், வரவிருக்கும் துன்பம் தம்மைவிட்டு நீங்காதா என்று மன்றாடினார். சிலுவையில் கடவுள் தம்மைக் கைவிட்டது ஏன் என்று 22-ஆம் சங்கீதத்தின் தொடக்க வரியைக் கொண்டே கதறினார். துக்க வீட்டில் அழுகிறவரைப் பார்த்து, விசுவாசி அழலாமா என்று கேட்பவர்கள் இந்த இரண்டு காட்சிகளையும் மறந்துவிடுகிறார்கள்.

இந்த மறதியைக் கண்டிப்பதற்காகவே எழுந்தது போன்ற நூல் யோபு. பிள்ளைகளையும் செல்வத்தையும் உடல்நலத்தையும் ஒருசேர இழந்த யோபுவைப் பார்க்க எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்ற மூன்று நண்பர்கள் வருகின்றனர். முதல் ஏழு நாள் அவர்கள் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் செய்தவற்றில் நல்லது அதுவே. வாய்திறந்த பிறகு, நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் இந்த நிலை என்று வாதிடத் தொடங்குகின்றனர். நூலின் முடிவில் கடவுள் கடிந்துகொள்வது, தம்மையே வழக்குக்கு அழைத்த யோபுவை விட, தம் சார்பில் வாதாடிய இந்த நண்பர்களையே. பிறவியிலேயே பார்வையற்றிருந்த ஒருவரைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, அவரும் பாவம் செய்யவில்லை, அவரைப் பெற்றவர்களும் பாவம் செய்யவில்லை என்று இயேசு மறுத்ததாக யோவான் நற்செய்தி கூறுகிறது. ஆகவே, நோயாளியிடம் விசுவாசம் குறைவு, அதனால்தான் குணமாகவில்லை என்று சொல்லும் போதகரும், காணிக்கை கொடுத்தால் செல்வம் பெருகும் என்று கற்பிக்கும் செழிப்பு உபதேசமும், துன்பப்படுகிறவர் தலையில் துன்பத்தோடு பழியையும் சுமத்துகின்றன. வேதாகமம் இதற்கு இடம் கொடுக்கவில்லை.

உறுதியின் அடித்தளம்

முறையீட்டோடு நின்றுவிட்டால் நம்பிக்கை பிறக்காது. கிறிஸ்தவர்களின் நம்பிக்கை இயேசுவின் உயிர்த்தெழுதலின் மேல் நிற்கிறது. சிலுவையில் கொல்லப்பட்ட இயேசுவைக் கடவுள் மூன்றாம் நாள் எழுப்பினார் என்பதும், அதுபோலவே உலகம் முழுவதையும் ஒருநாள் புதுப்பிப்பார் என்பதும் அந்தச் சமயத்தின் மையக் கூற்று. இந்தக் கூற்று பேரழிவுக்கு நடுவில் என்ன செய்யும் என்பதை இருபதாம் நூற்றாண்டில் ஆழ்ந்து ஆராய்ந்தவர்களுள் ஜெர்மானிய இறையியலாளர் யூர்கன் மோல்ட்மன் முதன்மையானவர். 1926-இல் ஹாம்பர்க் நகரில், சமய ஈடுபாடு அதிகம் இல்லாத குடும்பத்தில் பிறந்த அவர், இளம் வயதிலேயே விமான எதிர்ப்புப் படையின் உதவியாளராகச் சேர்க்கப்பட்டார். 1943 ஜூலையில் நேச நாடுகளின் விமானங்கள் அந்த நகரை நாள்கணக்கில் குண்டுவீசி எரித்தபோது, பல்லாயிரம் பேர் மாண்டனர். அவர் பக்கத்தில் நின்றிருந்த நண்பனும் உடல் சிதறி இறந்தான். தாம் மட்டும் ஏன் பிழைத்தோம் என்ற கேள்வியும், கடவுள் எங்கே என்ற கேள்வியும் அன்றிரவு அவரைப் பற்றிக்கொண்டன.

1945-இல் பிரிட்டிஷ் படையிடம் சரணடைந்த மோல்ட்மன், 1948 வரை பெல்ஜியத்திலும் ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் போர்க்கைதியாக இருந்தார். முகாமில் ஒட்டப்பட்ட நாஜி வதைமுகாம்களின் படங்களைப் பார்த்து, தாம் யாருக்காகப் போரிட்டோம் என்பதை அறிந்த இளைஞர்கள் பலர் கூனிக்குறுகிப்போயினர். அந்த நிலையில் படைத்துறைப் போதகர் ஒருவர் கொடுத்த புதிய ஏற்பாட்டையும் சங்கீதங்களையும் அவர் படித்தார். 39-ஆம் சங்கீதத்தின் புலம்பலில் தம் குரலையே கேட்டதாகவும், மாற்கு நற்செய்தியில் கைவிடப்பட்டவராய்க் கதறும் இயேசுவைக் கண்டபோது தம்மைப் புரிந்துகொள்ளும் ஒருவரைக் கண்டதாகவும் பின்னாளில் அவர் பலமுறை பதிவு செய்திருக்கிறார். பகை நாட்டுக் கைதிகளான தம்மை வீட்டுக்கு அழைத்து உபசரித்த ஸ்காட்லாந்துக் குடும்பங்களின் அன்பும் அந்த மாற்றத்தில் பங்குபெற்றது. விடுதலையானபின் இறையியல் படித்து, 1964-இல் நம்பிக்கையின் இறையியல் என்ற நூலையும், 1972-இல் சிலுவையில் அறையப்பட்ட கடவுளைப் பற்றிய நூலையும் வெளியிட்டார். 2024-இல் தம் 98-ஆம் வயதில் மறைந்தார்.

கிறிஸ்தவ நம்பிக்கை இறந்தபின் கிடைக்கும் ஆறுதலைப் பற்றியது மட்டுமல்ல என்பதே மோல்ட்மன் வலியுறுத்தியது. உயிர்த்தெழுதலைக் கடவுள் அளித்த வாக்காகக் கொள்கிறவர், அந்த வாக்குக்கு ஒவ்வாத இன்றைய உலகத்தோடு சமரசம் செய்துகொண்டு சும்மா இருக்க முடியாது. வரப்போவதற்கு ஏற்ப இருப்பதை மாற்ற முனைவார். நம்பிக்கை மனிதரை அமைதிப்படுத்திப் படுக்க வைக்கும் என்று சமயத்தை விமர்சித்தவர்களுக்கு அவர் கொடுத்த மறுமொழி, உண்மையான நம்பிக்கை மனிதரை எழுப்பி வேலைக்கு அனுப்பும் என்பதாகும்.

முற்றுகைக்குள் வாங்கிய நிலம்

நம்பிக்கைக்கும் பணிக்கும் உள்ள இந்த இணைப்பு மோல்ட்மன் புதிதாகக் கண்டுபிடித்ததன்று. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்தபோது, நகரம் வீழும் என்று முன்னறிவித்த குற்றத்துக்காக அரசனின் காவல்முற்றத்தில் தீர்க்கதரிசி எரேமியா அடைபட்டிருந்தார். அந்த நேரத்தில் அவருடைய பங்காளி ஒருவர் வந்து, ஆனதோத் ஊரிலுள்ள தம் நிலத்தை வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். பகைவர் கையில் சிக்கவிருக்கும் நிலத்துக்கு விலை ஏது? ஆயினும் எரேமியா 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்து, சாட்சிகள் கையெழுத்திட்ட கிரயப் பத்திரத்தின் முத்திரையிட்ட படியையும் திறந்த படியையும் தம் எழுத்தர் பாருக்கிடம் ஒப்படைத்து, நெடுங்காலம் கெடாதிருக்க மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். இந்த நாட்டில் மறுபடியும் வீடும் வயலும் திராட்சைத் தோட்டமும் வாங்கப்படும் என்ற கடவுளின் வாக்குக்கு அவர் கொடுத்த அத்தாட்சி அந்தப் பத்திரம். நகரம் வீழும் என்று சொன்னவரே நிலத்தையும் வாங்கினார் என்பதில்தான் இதன் ஆழம் இருக்கிறது. அழிவு வராது என்று பொய்யாகத் தேற்றியவர்கள் வேறு தீர்க்கதரிசிகள். எரேமியாவோ வரும் அழிவை மறுக்காமலே அதற்கப்பால் ஒரு காலத்துக்காகக் கையிலிருந்த வெள்ளியைச் செலவழித்தார். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு அவர் எழுதிய கடிதமும், அங்கே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் வாழும் அந்த நகரத்தின் நலத்தையே தேடுங்கள் என்று பணிகளையே பட்டியலிட்டது.

இத்தகைய பணியைக் கிறிஸ்தவ மரபு அழைப்பு என்று குறிக்கிறது. துறவிகளுக்கும் குருக்களுக்கும் மட்டுமே அழைப்பு உண்டு என்ற எண்ணம் ஓங்கியிருந்த காலத்தில், பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர், உழவரும் தாயும் அரசு ஊழியரும் பிறருக்குப் பயன்படச் செய்யும் வேலை ஒவ்வொன்றும் கடவுள் தந்த அழைப்பே என்று கற்பித்தார். திடகாத்திரமாக இருக்கும்போது இதை ஏற்பது எளிது. செய்துவந்த வேலையையே துன்பம் பறித்துவிட்டால் அழைப்பு என்ன ஆகும் என்ற கடினமான கேள்விக்கு, வேலூரில் வாழ்ந்த ஒரு மருத்துவரின் வாழ்க்கை விடையாக இருக்கிறது.

வேலூரில் ஒரு மருத்துவர்

1925-இல் கொச்சியில் பிறந்த மேரி வர்கீஸ், அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் நிறுவிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து மருத்துவரானார். மகளிர் நோய் மருத்துவப் பிரிவில் அவர் பயிற்சியில் இருந்த 1954-இல், உடன் பணிபுரிந்தவர்களோடு சென்ற ஊர்தி கவிழ்ந்தது. முகம் கிழிந்து, முதுகுத்தண்டு நொறுங்கி, இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் அற்றுப்போயின. முதுகுத்தண்டின் உள்ளே செல்லும் தண்டுவடம் அறுபட்டால் அது மீண்டும் இணைவதில்லை. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட காயம் பட்டவர்கள், காயத்தைவிட அதன் பின்விளைவுகளாலேயே அதிகம் இறந்தனர்: உணர்வில்லாத உடலை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிவிடாவிட்டால் படுக்கைப்புண் வரும், சிறுநீர்ப்பை தானாகக் காலியாகாததால் கிருமி தொற்றிச் சிறுநீரகம் கெடும். இவற்றைக் கவனிக்கப் பயிற்சி பெற்ற மையங்கள் இந்தியாவில் அரிதாக இருந்த நிலையில், மேரி மருத்துவராகவும் இருந்ததால் தமக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்பதை முழுதாக அறிந்தே படுத்திருந்தார்.

அவருக்கு ஒரு பணியைக் காட்டியவர் அதே மருத்துவமனையில் இருந்த பால் பிராண்ட். கொல்லிமலையில் ஊழியம் செய்த பெற்றோருக்கு அங்கேயே பிறந்த பிராண்ட், தொழுநோயால் முடங்கிய கைகளைச் சீர்செய்யும் அறுவை மருத்துவத்தில் முன்னோடி. தொழுநோய்க் கிருமி முழங்கையருகே செல்லும் நரம்பைக் கெடுப்பதால், உள்ளங்கையில் உள்ள சிறு தசைகள் செயலற்று விரல்கள் உள்நோக்கி மடங்கி இறுகிவிடும். ஆனால், முன்கையிலுள்ள சில தசைகள் நல்ல நிலையிலேயே இருக்கும். அத்தகைய ஒரு தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணைப் பிரித்து, விரல்களுக்குத் திருப்பிப் பொருத்தினால், நோயாளி மீண்டும் சோற்றைப் பிசைந்து உண்ணவும் கருவிகளைப் பிடித்து வேலை செய்யவும் முடியும். இந்த அறுவையில் நோயாளியின் கை ஒரு பக்கமேசையில் நீட்டி வைக்கப்படுகிறது. மருத்துவர் நின்றுகொண்டிருக்க வேண்டியதில்லை, அமர்ந்தே செய்யலாம். கால்கள் செயலிழந்த மேரியின் கைகள் நன்றாக இருக்கின்றன என்பதைக் கண்ட பிராண்ட், இந்த வேலைக்கு வருமாறு அவரை அழைத்தார்.

தயக்கத்தோடு தொடங்கிய மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளில் அறுவை செய்யக் கற்றுத் தேர்ந்தார். ஊரும் உறவும் ஒதுக்கிய அந்த நோயாளிகள், தங்களைக் காட்டிலும் உடல் முடங்கிய ஒருவர் நாற்காலியைத் தாமே உருட்டிக்கொண்டு வந்து தங்கள் கையைப் பிடித்துப் பார்த்ததைக் கண்டனர். எந்தப் பிரசங்கமும் தந்திருக்க முடியாத தெம்பை அது அவர்களுக்குத் தந்தது. பிறகு, தம்மைப் போன்றவர்களுக்கான மருத்துவத்தையே தம் துறையாக அவர் தேர்ந்துகொண்டார். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் சிகிச்சையும் பயிற்சியும் பெற்று, நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவத்தின் முன்னோடியான ஹோவர்ட் ரஸ்க்கின் நிறுவனத்தில் பயின்று, 1960-களின் தொடக்கத்தில் வேலூர் திரும்பினார். மறுவாழ்வு மருத்துவம் என்பது, குணமாக்க முடியாத குறையோடு ஒருவர் தம் வீட்டிலும் தொழிலிலும் கூடியவரை தற்சார்போடு வாழக் கற்பிக்கும் துறை. புயங்களை வலுவாக்குதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்குத் தாமே மாறுதல், சிறுநீர்ப்பையைப் பேணுதல், கைத்தொழில் பயிலுதல் ஆகியவை அதில் அடங்கும். அத்துறைக்கு வேலூர் மருத்துவமனையில் தலைமையேற்ற அவர், 1966-இல் நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு மையம் வேலூரின் பாகாயம் பகுதியில் திறக்கப்படக் காரணமாக இருந்தார். 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 1986-இல் காலமானார்.

அவருடைய வாழ்க்கையைப் படிப்பவர்கள், இந்தப் பணிக்காகவே கடவுள் அந்த விபத்தை அனுப்பினார் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அப்படிச் சொல்வது யோபுவின் நண்பர்களுடைய வாதத்தையே வேறு வழியில் திரும்பச் சொல்வதாகும். விபத்து தீமையே. அவர் நடக்கவேண்டும் என்ற ஜெபம் கேட்டபடி நிறைவேறவுமில்லை. தம் உடலில் இருந்த ஒரு முள்ளை நீக்குமாறு மும்முறை வேண்டியும் அது நீங்கவில்லை என்று எழுதிய திருத்தூதர் பவுல், அந்தப் பலவீனத்தில் தாங்குவதற்கான அருள் கிடைத்தது என்று மட்டுமே சாட்சி சொன்னார். தீமையை நன்மை என்று பெயரிடாமல், தீமைக்குள் நின்றுகொண்டே நன்மை செய்ய இடமிருக்கிறது என்பதைக் காட்டியதே மேரி வர்கீஸின் வாழ்க்கையின் பெறுமதி.

உடனிருப்போரின் கடமை

மேற்கண்டவர்களுள் ஒருவரும் தனித்து நின்று நம்பிக்கையை மீட்டெடுக்கவில்லை. மோல்ட்மனுக்கு ஸ்காட்லாந்துக் குடும்பங்கள் கதவைத் திறந்தன. மேரி வர்கீஸை நாற்காலியில் ஏற்றி இறக்கவும் புண் வராமல் பார்க்கவும் செவிலியரும் நண்பர்களும் இருந்தனர். கிறிஸ்தவத்தில் நம்பிக்கை ஒருவரின் மனவலிமையைப் பொறுத்த தனிச்சொத்தாகக் கருதப்படுவதில்லை. ஒருவருக்கு ஜெபிக்க வாய் வராதபோது அவருக்காகச் சபையே ஜெபிக்கிறது. சபை என்பது கட்டடத்தைக் குறிக்காமல், ஒருவர் சுமையை மற்றவர் சுமக்க ஒப்புக்கொண்ட மக்களைக் குறிப்பது என்பதால், துக்க வீட்டுக்கு உணவு கொண்டுபோவதும், மருத்துவமனையில் இரவு துணைக்கு இருப்பதும், கடனில் தவிப்பவரை வட்டிக்காரரிடமிருந்து மீட்பதும் வழிபாட்டின் தொடர்ச்சியே.

அந்தத் துணை மருத்துவத்துக்கு மாற்றாகாது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். மனச்சோர்வு நோயைப் பேய் என்றோ விசுவாசக் குறைவு என்றோ சொல்லி மாத்திரையை நிறுத்தச் சொல்வது உயிருக்கே ஆபத்தாகும். வேலூரில் 1950-களில் தொடங்கிய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவு, நோயாளியோடு அவருடைய குடும்பத்தினரும் தங்கிச் சிகிச்சையில் பங்குபெறும் முறையை இந்தியாவில் முன்னதாகவே கைக்கொண்டது. ஜெபமும் மருந்தும் குடும்பமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இறைப்பற்றின் பேரில் எழுந்த அந்த மருத்துவமனையே சான்று. தற்கொலை எண்ணத்தோடு வருபவரை அன்போடு கேட்டு, அன்றே மருத்துவரிடம் உடன் அழைத்துச் செல்லும் போதகர் தம் அழைப்பைச் சரியாகச் செய்தவராவார்.

துன்பத்தில் இருப்பவர் முதலில் பெறவேண்டியது அழ இடம், அறிவுரைக்கு அவசரமில்லை. பவுல் ரோமருக்கு எழுதிய கடிதம், துன்பத்திலிருந்து பொறுமையும், பொறுமையிலிருந்து பண்பின் உறுதியும், அதிலிருந்து நம்பிக்கையும் படிப்படியாக வருவதாகச் சொல்வதால், இழப்பு நேர்ந்த மறுவாரமே ஒருவர் தேறி எழவேண்டும் என்று எதிர்பார்ப்பது அந்த வரிசையையே தலைகீழாக்குவதாகும். அழுது ஓய்ந்த ஒரு கட்டத்தில், இழந்தவை போக மிஞ்சியிருப்பது என்ன, அதைக் கொண்டு யாருக்கு என்ன செய்யலாம் என்ற கேள்வி எழும். அந்தக் கேள்விக்கு விடை பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும்: பக்கத்துப் படுக்கையில் இருப்பவரிடம் பேசுவது, தம்மைப் போல் கணவரை இழந்தவரைப் போய்ப் பார்ப்பது, படிப்பு நின்றுபோன ஒரு பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருவது. துன்பம் ஏன் வந்தது என்பதற்குக் கிறிஸ்தவம் முழு விளக்கம் தருவதில்லை. துன்பப்படுகிறவரும் தேவைப்படுகிறவரே, அவருக்கும் ஒரு பணி உண்டு என்பதை அது விடாப்பிடியாகச் சொல்கிறது. அந்தப் பணியைத் தேடிக்கொடுப்பதும், அதைச் செய்ய அவருக்குத் தோள்கொடுப்பதும், இயேசுவின் பெயரால் நம்புகிறோம் என்று சொல்லும் ஒவ்வொரு சபையின் பொறுப்பு.